மூன்று முறை கோத்த கம்பி

மலை என் இடது கைப்பக்கம் இருந்தது. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் அது வலது கைப்பக்கம். பௌர்ணமி போய் நான்கு நாள் ஆகியிருந்ததால் கிரிவலப் பாதையில் கூட்டம் இல்லை. செருப்பில்லாமல் நடந்து வந்த இரண்டு மூன்று குடும்பங்கள், காவி கட்டிய சிலர், காதில் வயர் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்த ஒரு ஆபீஸ்காரர். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"தம்பி, ராங்கா போறீங்க. மலை சோத்துக்கைப் பக்கம் வரணும்."

"நான் சுத்தலம்மா. ஊர விட்டுப் போறேன்."

"போறதுன்னா பஸ்ல போலாமில்ல?"

போகலாம்தான். பஸ்ஸில் ஏறினால் இறங்குமிடம் சொல்ல வேண்டும். எனக்கு இறங்குமிடம் எதுவும் தோன்றவில்லை. தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், பாதி தீர்ந்த கறுப்பு டேப். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு விட்டவை ஒரு செங்கல் சூளை, ஓசூரில் ஒரு டயர்க் கடை, லாரி கிளீனர் வேலை, கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் லைட் கட்டுகிற ஒருவரிடம் இரண்டு வருடம். முப்பத்து நான்கு வயதில் அன்று விட்டு வந்தது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த ஒரு மெஸ்ஸை. அங்கே ஏழு மாதம் இருந்தேன். எனக்கு அது அதிகம்.

மெஸ்ஸில் சமையல் முழுதும் ஒரே பெண்மணி. எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளியும் அக்கா என்றுதான் சொல்வார். நான் இலை போட்டு, பரிமாறி, மேசை துடைத்து, சாமான் கழுவுகிற ஆள். சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை உண்டு. அதுதான் அக்காவின் வீடு. புருஷன் எங்கே என்று அவள் சொன்னதில்லை. செங்கத்தில் தம்பி வீட்டில் இருந்திருக்கிறாள். தம்பி பெண்டாட்டி ஒருநாள் அவளுடைய தட்டையும் டம்ளரையும் மட்டும் தனியாக எடுத்து வெளியே வைத்தாளாம். அன்று மாலையே கிளம்பி வந்துவிட்டாள். அந்தத் தகர அறையில் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. "நான் போட்டா நான்தான் தொறக்கணும்" என்று அதைப் பற்றி அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நகை வாங்கியவர்கள் பேசுகிற குரலில் சொல்வாள்.

அன்று காலை முதலாளி அந்த அறை வாசலில் நின்று சொன்னார்:

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரூம காலி பண்ணிடு அக்கா. நெருப்பு வெச்சவங்கள உள்ள வெச்சிக்கிட்டு நான் எப்படித் தொழில் பண்றது?"

அக்காவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு இருந்தது. கையை மார்புக்கு மேலே தூக்கியே வைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் யாரையோ கும்பிடப் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். நான் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நெருப்பு பிடித்தது முந்தின நாளுக்கு முந்தின நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்து கதவைச் சாத்தியிருந்தோம். பாத்திரம் கழுவ வெந்நீருக்காக அக்கா கரண்ட் அடுப்பில் குண்டானை வைத்துவிட்டு அறையில் போய்ச் சாய்ந்தாள். காலை நாலு மணியிலிருந்து நிற்கிறவள். கண் அசந்தது உண்மை. அதை அவளே ஒப்புக்கொண்டாள். நாற்றம் வந்து எழுந்து ஓடியபோது சுவரில் பிளக் பாயின்ட் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய சாக்குத் திரையிலும் தீ ஏறிவிட்டது. திரைக்குக் கீழே கேஸ் சிலிண்டர். அவள் இடது கையால் எரிகிற சாக்கை இழுத்து வாசல் பக்கம் எறிந்தாள். வலது கையால் பிளக்கைப் பிடுங்கினாள். உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. நான் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அணைந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார்.

அந்த அடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீங்கான் தட்டில் வட்டம் வட்டமாகப் பள்ளம் வெட்டி, அதில் சுருள்கம்பி பதித்த பழைய அடுப்பு. ரசத்தைச் சூடாக வைக்க, வெந்நீர் போட, கேஸ் தீர்ந்த நாளில் அப்பளம் பொரிக்க என்று நாள் முழுக்க எரியும். நான் சேர்ந்து இரண்டு மாதத்தில் அதன் கம்பி ஒரு இடத்தில் அறுந்தது. புதுக் கம்பி வாங்க வேண்டும் என்று அக்கா சொன்னாள்.

"எதுக்குக்கா? கோத்துட்டா ஆச்சு" என்றேன்.

சீரியல் லைட் கட்டியவன் என்பதால் அந்த மெஸ்ஸில் கரண்ட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். கருகிய நுனிகளைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் ஒன்றில் ஒன்று கொக்கி போல மாட்டி முறுக்கினேன். சுருளை இழுத்து நீட்டிப் பள்ளம் முழுதும் நிரப்பினேன். அடுப்பு எரிந்தது. முன்னைவிடச் சீக்கிரம் தண்ணீர் கொதித்தது.

"பாரேன், இவன் கை வெச்சதும் அடுப்புக்கே ரோஷம் வந்துடுச்சி" என்று முதலாளி மெச்சினார்.

"கம்பி கொறஞ்சிருக்கு இல்ல முதலாளி, கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும்" என்றேன். அப்படித்தான் நம்பினேன். ஒரு பந்தலுக்கு லைட் குறைவாகப் போட்டால் கரண்ட் குறைவு. ஒரு அடுப்புக்குக் கம்பி குறைவாகப் போட்டாலும் அப்படித்தானே? குறைந்த கரண்டில் தண்ணீர் எப்படிச் சீக்கிரம் கொதிக்கும் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை, அவரும் கேட்கவில்லை. சாப்பிட வருகிற டிரைவர் ஒருவர் தன் வீட்டு அடுப்புக்கும் அப்படியே செய்யச் சொல்லிக் கேட்டார். போய்ச் செய்து கொடுத்தேன்.

இரண்டாவது முறை வேறு இடத்தில் அறுந்தது. மறுபடி கருகலை வெட்டிக் கோத்தேன். மூன்றாவது முறை முதல் இணைப்புக்குப் பக்கத்திலேயே போனது. அந்தத் தடவை ஒரு முழத்துக்கும் அதிகமாக வெட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை பியூஸ் போயிற்று. முதலாளி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி பியூஸ் கட்டையைக் கழற்றி ஒற்றை இழை போட்டேன். மறுநாளே போனது.

"இன்னாடா நூல் மாதிரி போடற. நல்லாத் தடியாப் போடு" என்றார் கீழிருந்து.

மூன்று இழையை முறுக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு பியூஸ் போகவே இல்லை.

அக்கா மட்டும் சொன்னாள், பிளக் சுடுகிறது என்று. வயர் மெத்தென்று ஆகிவிட்டது என்று ஒருமுறை என்னைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னாள். தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

"கரண்ட் ஓடினா சூடு இருக்கத்தான் செய்யும். பயப்படாதக்கா" என்றேன்.

அடி அண்ணாமலையை அடைந்தபோது பதினொரு மணி ஆகியிருந்தது. பூசணி விற்கிற ஒரு கடை, மோர்க் கடை, அதையடுத்து ஒரு மோட்டார் வைண்டிங் கடை. வாசலில் எரிந்துபோன மோட்டார்கள் கிடந்தன. வேலை கிடைக்குமா என்று கேட்கலாமென்று ஏறினேன். உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, செம்புக் கம்பியை ஒரு மரஅச்சில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவளாக இருப்பாள். உதடு மட்டும் அசைந்தது, சுற்றை எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். ஓரிடத்தில் நிறுத்தி, சாக்பீஸை எடுத்துத் தரையில் 72 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லுங்கண்ணா."

நான் வாய் திறப்பதற்குள் ஒரு விவசாயி மொபெட்டில் மோட்டாரை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வரும்போதே சத்தம்.

"இன்னாம்மா, நீ கட்டிக் குடுத்து முழுசா ஒரு போகம் ஆவல. பியூஸ் பியூஸா புடுங்குது."

"பியூஸுக்கு இன்னா போட்டீங்க மாமா?"

"கம்பிதான்."

"எத்தன இழை?"

அவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "நிக்கற அளவுக்கு."

"நிக்கற அளவுக்குப் போட்டா பியூஸ் நிக்கும். மோட்டார் போவும்."

அவள் மோட்டாருக்கு லைன் கொடுத்து, நண்டுக் கொடுக்கு மாதிரி திறந்து மூடுகிற ஒரு மீட்டரால் ஒற்றை வயரைக் கவ்விப் பிடித்தாள். டாங் டெஸ்டர் என்பார்கள். வயரை வெட்டாமலேயே அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டிவிடும்.

"பாருங்க. லோடு இல்லாம நாலு காட்டணும். ஒம்பது காட்டுது. உள்ள சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. கரண்ட் போற கம்பி கொறஞ்சிடுச்சி. அதான் ஜாஸ்தி இழுக்குது."

"கம்பி கொறஞ்சா கரண்டும் கொறையணுமே" என்று சொன்னேன். என்னைக் கேட்காமலேயே வாயிலிருந்து வந்துவிட்டது.

விவசாயி என் பக்கம் சேர்ந்துகொண்டார். "அதான நாயம்? யாரு நீங்க, சரியாக் கேட்டீங்க."

அவள் சிரித்தாள். "மாமா, உங்க வாய்க்கா நீளமா இருந்தா தண்ணி ஜாஸ்தியா வருமா, கம்மியா வருமா?"

"நீளமா இருந்தா பாதி மண்ணே குடிச்சிடும்."

"நீளம் கொறஞ்சா?"

"தடதடன்னு வரும்."

"அப்புறம் இன்னா? மோட்டார வெச்சிட்டுப் போங்க. ரெண்டு நாள் ஆவும்."

அவர் முனகிக்கொண்டே போனார். நான் கடைக்குள் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பீங்கான் தட்டு அடுப்பு இருந்தது. சுற்றி முடித்த மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிய பிறகு காய வைப்பதற்காம். எங்கள் மெஸ்ஸில் இருந்த அதே மாதிரி. சுருள் மட்டும் புதியது, நெருக்கமாக இருந்தது.

"இதுல பாதிக் கம்பிய எடுத்துட்டா இன்னாவும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு எடுக்கணும்?"

"அறுந்துபோச்சுனா. கோத்துப் போட்டா."

அவள் என்னைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு அடுப்பைப் போட்டு, மீட்டரை மாட்டினாள். லைனில் 220 வோல்ட் இருந்தது. கரண்ட் 4.2. தரையில் 72-க்குப் பக்கத்தில் எழுதினாள். முதலில் 220-ஐ 4.2-ஆல் வகுத்தாள். போனில் கணக்குப் போட்டு 52 என்று எழுதினாள்.

"இது ஓம். கம்பி எவ்ளோ தடுக்குதுன்னு சொல்றது. இப்ப ரெண்டையும் பெருக்குங்க."

220-ஐ 4.2-ஆல் பெருக்கினால் 924.

"இது வாட். ஒவ்வொரு நொடியும் எவ்ளோ சூடு வெளிய வருதோ அது."

அடுப்பை அணைத்து, லைனைப் பிடுங்கி, ஒரு வயரின் கிளிப்பைச் சுருளின் ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் மாட்டினாள். இப்போது பாதிச் சுருளில் மட்டும்தான் கரண்ட் ஓடும். மறுபடி போட்டாள். சுருள் சிவப்பாகி, சிவப்பைத் தாண்டி மஞ்சளாயிற்று. மீட்டர் எட்டரைக்குப் பக்கத்தில் காட்டியது. உடனே அணைத்துவிட்டாள்.

"தடுக்கறது பாதியாச்சு, 26. கரண்ட் ரெண்டு மடங்கு. வாட்டும் ரெண்டு மடங்கு. ஆயிரத்து எண்ணூத்துக்கு மேல." எழுதினாள். "வோல்ட் நம்ம கையில இல்லண்ணா. அது போஸ்ட்லேர்ந்து வர்றது, கம்பி கொறஞ்சாலும் அது கொறையாது. தடுக்கறதுக்கு ஆளு கம்மியானா வர்றது ஜாஸ்தியாவும்."

நான் மஞ்சளிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து கறுப்புக்கும் திரும்பிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்தேன்.

"இன்னாண்ணா, மொகம் ஒருமாதிரி ஆயிடுச்சி?"

"ஒண்ணுமில்ல. வேலை இருக்குமான்னு கேக்க வந்தேன்."

இருந்தது. அவள் வீட்டுக்காரர் கிணற்றிலும் போர்வெல்லிலும் மோட்டார் இறக்கி ஏற்றுகிற வேலை செய்கிறார். பைப் பிடிக்க உரம் உள்ள ஒரு ஆள் இல்லாமல் தினமும் யாரையாவது தேட வேண்டியிருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு வந்தால் கூடவே போகலாம். மாடியில் படுத்துக்கொள்ளலாம். சாப்பாடு அவர்கள் வீட்டிலேயே. எங்கே தேடியிருந்தாலும் இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது. வருகிறேன் என்று சொன்னேன்.

மத்தியானம் முழுதும் பாதையோரம் இருந்த ஒரு சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தேன். செங்கல் துண்டு ஒன்று கிடந்தது. அதைக்கொண்டு மேடையில் எழுதிப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு வரை வகுத்தல் எனக்கு நன்றாகவே வரும். வாத்தியார்கள் அடித்தது வேறு விஷயங்களுக்கு.

முழுச் சுருள் 52 ஓம். நான் மூன்று முறையில் வெட்டிப் போட்டது எவ்வளவு? முதல் தடவை ஒரு சாண். இரண்டாவது தடவை அதைவிட அதிகம். மூன்றாவது ஒரு முழத்துக்கு மேல். சுருளாக இருந்தபோது அடுப்பில் அவை பிடித்த பள்ளத்தை மனதில் கொண்டுவந்து பார்த்தேன். கடைசியில் ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சியிருக்கும். நான் இழுத்து நீட்டி நிரப்பியதால் பார்ப்பதற்கு முழுசாகத் தெரிந்தது. ஐந்தில் மூன்று பங்கு என்றால் 31 ஓம். 220-ஐ 31-ஆல் வகுத்தால் ஏழு ஆம்பியர், கொஞ்சம் மிச்சம். 220-ஐ ஏழால் பெருக்கினால் 1540. மிச்சத்தையும் சேர்த்தால் 1560 வரும்.

எங்கள் சமையலறைச் சுவரில் இருந்தது சின்ன பிளக் பாயின்ட். ஐந்து ஆம்பியருக்கானது. பிளக்கின் முதுகிலேயே அப்படி எழுதியிருக்கும். நூறு தடவை அதைக் கையில் பிடித்திருக்கிறேன். அது ஒரு எண் என்று தெரியும், அது யாருக்கோ சொல்லப்பட்டது என்று தோன்றியதில்லை. ஐந்து தாங்குகிறதில் ஏழு ஓடியிருக்கிறது. ஒருநாள், இரண்டு நாள் இல்லை. மாதக்கணக்காக, தினமும் பல மணி நேரம். ஒற்றை இழை பியூஸ் அறுந்து அறுந்து அதைத்தான் சொல்லியிருக்கிறது. நான் மூன்று இழை போட்டு அதன் வாயை அடைத்தேன். மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். சுடுகிறது என்று அவளும் சொன்னாள்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். நான்கில் மூன்று பங்கு மிஞ்சியிருந்தால் என்று ஒருமுறை. அப்போதும் ஐந்தரைக்கு மேல் வந்தது. எப்படிப் போட்டாலும் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. காலால் அழித்தேன். செங்கல் சிவப்பு முழுதும் போகவில்லை.

அன்றிரவு கடை மாடியில் படுத்தேன். காலையில் கீழே மொபெட் உறுமியது. வீட்டுக்காரர் கயிறும் பைப் கிளாம்புமாக ரெடியாக இருந்தார்.

"ஏறு, ஏறு. வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்."

"நான் வரலண்ணா."

"நேத்து வரேன்னு சொன்னியாமே?"

"வேங்கிக்கால்ல ஒரு வேலைய பாதில விட்டுட்டு வந்துட்டேன்."

"பாதில விட்டுட்டு வர்றவன வெச்சிக்கிட்டு நான் போர்ல மோட்டார எறக்கினேனா, அதுவும் பாதிலதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. கடையைத் திறக்க வந்த அவர் மனைவியிடம் ஒரு சாக்பீஸ் துண்டு கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள். தரையில் நேற்றைய எண்கள் அப்படியே இருந்தன. இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

திரும்பி நடந்தபோது மலை வலது கைப்பக்கம் இருந்தது. யாரும் என்னை நிறுத்தவில்லை. முதலில் அந்த டிரைவர் வீட்டு வாசலில் நின்று, நான் கோத்த அடுப்பை இனிப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மெஸ்ஸில் கதவு பாதி திறந்திருந்தது. முதலாளி கரி பிடித்த சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லாவுக்கு மேலே கரும்பலகையில் தீப்பிடித்த நாளின் எழுத்தே இருந்தது: வத்தக்குழம்பு, முட்டைக்கோஸ், ரசம், மோர்.

"வந்துட்டியா? எங்கடா போன? அவ ஒருபக்கம், நீ ஒருபக்கம்."

"அக்கா கொளுத்தல முதலாளி. நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ தண்ணி புடிக்கப் போயிருந்த."

வத்தக்குழம்புக்குக் கீழே சாக்பீஸால் எழுதினேன். 220. 52. பிறகு 31. பிறகு 7. நான் எழுத எழுத அவருக்குக் கோபம் ஏறியது.

"இன்னாடா இது, பள்ளிக்கூடமா? கம்பி கொறஞ்சா எப்படிக் கரண்ட் ஏறும்? நீயேதான் கம்மியாவும்னு சொன்ன."

"சொன்னேன். தப்பு."

"உன் கணக்கு எனக்கு எதுக்கு? அவ தூங்கினாளா இல்லியா?"

"தூங்கினாங்க. தூங்கலன்னாலும் எரிஞ்சிருக்கும். அவங்க எதிர்ல நின்னுட்டு இருக்கும்போது எரிஞ்சிருக்கும்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மூன்று இழையும் முறுக்கியது முறுக்கியபடி இருந்தன. ஒன்றுகூட உருகவில்லை. சுவரில் பிளக் உருகி, திரை எரிந்து, ஒரு மனுஷியின் இரண்டு கையும் வெந்த பிறகும் அது முழுசாக இருந்தது.

அவருக்குக் கணக்கு புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கம்பியை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து தடியாகப் போடச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நான் இறங்கியதும் கன்னத்தில் ஒரு அறை விட்டார். பெரிய அடி இல்லை. வாங்கிக்கொண்டேன். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து பியூஸ் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ ரூம் அவளுக்கு இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா சமைக்க ஆள் வேணும். அவ கை வேலைக்கு வர்ற வரைக்கும் அவ வேலைய நீ செய். வெறவு அடுப்புல. இனிமே இந்த வூட்ல கரண்ட் அடுப்பு கெடையாது."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு ஓடிடுவ. உன்ன எனக்குத் தெரியும். நீ ஓடின அன்னிக்கு அவளும் கெளம்பணும். சும்மா ஒக்கார வெச்சி சோறு போட நான் சத்திரம் நடத்தல. யோசிச்சி சொல்லு."

யோசித்தேன். விரல் மடங்குமா என்று டாக்டருக்கே தெரியாத கை அது. ஒரு மாதமா, ஆறு மாதமா, எப்போதுமா என்று எந்த மீட்டரும் காட்டாது. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"பிளக்கு சுடுதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"நெறைய தடவ."

"இப்ப வந்து பலகைல எழுதற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கலாமென்று தோன்றியது. அந்தக் கட்டுகளைப் பார்த்ததும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து ரெண்டு ராத்திரியா கதவு சும்மா சாத்தி இருக்கு" என்றாள். "தாழ்ப்பாள இழுக்க முடியல. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணு."

சமையலறையில் சணல் கயிறு இருந்தது. தாழ்ப்பாளின் கைப்பிடியில் கட்டி, ஒரு பெரிய வளையம் விட்டேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வளையத்துக்குள் முழங்கையை விட்டு இழுக்கிற சத்தம் கேட்டது. முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவையும் நழுவியது. உள்ளே அவள் மூச்சு வாங்கினாள். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து இரும்பு நகர்ந்து துளையில் விழுந்தது.

அவள் உடனே திறக்கவில்லை. சிறிது நேரம் உள்ளேயே இருந்தாள். பிறகு தாழ்ப்பாள் மெதுவாகப் பின்வாங்கியது.

"நாப்பது பேருக்கு எத்தன படி அரிசி போடணும், தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமதான் வேலைக்கு ஒத்துக்கிட்டியா?" என்றாள். கைகளை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். "வெறவ நெருக்கி அடுக்காத, காத்து போவாது. எடம் விட்டு வை. அரிசிய மூணு தண்ணி கழுவு."

விறகை இடம் விட்டு வைத்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அரிசி அளக்கப் படியை எடுத்தேன்.